முதுகில் போடும் ஊசி: பயம் எங்கே, கவனம் எங்கே?

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், வார்டுக்கு வெளியே காத்திருக்கும் குடும்பம் கலங்கிப்போகிறது. "அதுல கை வெச்சா கால் விழுந்துடும்னு சொல்றாங்களே", "ஆயுசுக்கும் இடுப்புவலி நிக்காதாமே", "ஸ்கேன்லயே பார்த்துக்க முடியாதா டாக்டர்" என்று கேள்விகள் வருகின்றன. காய்ச்சலும் வலிப்புமாகக் கிடக்கும் குழந்தைக்குக்கூட இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லிவிடும் பெற்றோர் உண்டு. இந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. முதுகில் ஊசி போடுவதால் கடுமையான பாதிப்பு வரவே வராது என்று எந்த மருத்துவராலும் உறுதி சொல்ல முடியாது. அரிதாக வரத்தான் செய்கிறது. ஆனால் நம்முடைய பயம் முழுவதும் ஊசி இறங்கும் அந்தச் சில நிமிடங்களைச் சுற்றியே நிற்கிறது. கவனம் வேண்டியதோ அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகளிலும் அதற்குப் பின்னால் வரும் நாள்களிலும். கடும் பாதிப்புகளில் பெரும்பாலானவை வரும்போது அறிகுறி காட்டிவிட்டுத்தான் வருகின்றன. அந்த அறிகுறிகளைத் தெரிந்துவைத்திருப்பவர் நேரத்தோடு மருத்துவமனைக்குத் திரும்புகிறார். தெரியாதவர் வீட்டிலேயே படுத்துக்கிடந்து நேரத்தை இழக்கிறார். ஆகவே, அவற்றைச் சொல்லி அனுப்புவதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்த ஊசி எங்கே போகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றித் தெளிந்த நீர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடம்பில் எந்த நேரத்திலும் சுமார் 150 மில்லி இருக்கும். நாளொன்றுக்கு 500 மில்லி அளவுக்குப் புதிதாகச் சுரக்கும். மூளைக்காய்ச்சலா, அது காசநோயால் வந்ததா, மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்திருக்கிறதா என்பதையெல்லாம் இந்த நீரில் சில மில்லி எடுத்துப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். இரத்தப் புற்றுநோய்க்கான சில மருந்துகளையும் இதே வழியாகத்தான் செலுத்துகிறார்கள். சிசேரியனுக்கு முதுகில் போடும் மரத்துப்போகும் ஊசியும் சென்று சேர்வது இந்த நீருக்குள்தான். தண்டுவடம் இடுப்பு வரை நீள்வதில்லை என்பதே இத்தனைக்கும் இடம் கொடுக்கிறது. பெரியவர்களுக்கு அது முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில் முடிந்துவிடும். பிறந்த குழந்தைக்கு மூன்றாவது வரை இறங்கியிருக்கலாம். அதற்குக் கீழே இருப்பவை தண்ணீரில் மிதக்கும் நூல்களைப் போன்ற நரம்பு வேர்கள் மட்டுமே. ஊசி முனை பட்டால் அவை பெரும்பாலும் விலகிக்கொடுக்கும். அதனால்தான் மூன்றாவது, நான்காவது எலும்புகளுக்கு நடுவிலோ அதற்கும் கீழேயோ ஊசி போடுகிறார்கள்.

அப்படியானால் தண்டுவடத்தில் ஊசி படவே படாதா? இந்த இடத்தில் நேர்மையாகப் பேச வேண்டியிருக்கிறது. மருத்துவர்கள் இடுப்பெலும்பின் மேல்விளிம்பைக் கையால் தடவி, அதைக் கொண்டு எத்தனையாவது எலும்பு என்று கணிக்கிறார்கள். 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், மயக்க மருந்து நிபுணர்கள் கையால் குறித்த இடத்தை எம்.ஆர்.ஐ. ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, நூற்றுக்கு 29 முறைதான் கணிப்பு சரியாக இருந்தது. பெரும்பாலும், நினைத்த இடத்தைவிட மேலேயே கை நின்றிருந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டனில், இப்படி மேலே போடப்பட்ட ஊசியால் தண்டுவடத்தின் நுனியில் காயம்பட்ட 7 நோயாளிகளின் விவரம் மருத்துவ இதழில் வெளியானது. ஆகவே ஆபத்து கற்பனையல்ல. ஆனால் அதற்குத் தீர்வும் அந்த விவரங்களிலேயே இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஓர் எலும்பு கீழே இறங்கிப் போட வேண்டும். உடல் பருமனானவர்களுக்கும் முதுகு வளைந்தவர்களுக்கும் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்துப் போடலாம். ஊசி இறங்கும்போது காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தால் நோயாளி உடனே சொல்ல வேண்டும். மருத்துவர் உடனே நிறுத்த வேண்டும். "கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று சொல்லக் கூடாத ஒரே நேரம் அதுதான்.

கால் விழுந்துவிடும் என்ற பயம் நம் ஊரில் மட்டும் இருப்பதல்ல. 1947 அக்டோபர் 13 அன்று இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டு நகர மருத்துவமனையில், முதுகில் ஊசி போட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட இரண்டு பேருக்கு ஒரே நாளில் இரண்டு கால்களும் செயலிழந்தன. வழக்கு 1954 வரை நடந்தது. மருந்துக் குப்பிகளைக் கிருமி நீக்கம் செய்ய ஃபீனால் கரைசலில் ஊறவைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே ஃபீனால் உள்ளே கசிந்திருக்கிறது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இப்படி நடக்கும் என்று 1947-இல் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதால் மருத்துவமனை மீது தவறில்லை என்று மேல்முறையீட்டில் தீர்ப்பானது. ஊசி கொதிக்கவைத்த பாத்திரத்தில் தங்கிய அமிலமே காரணமாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் சிலர் வாதிட்டார்கள். எது உண்மையானாலும், அந்த இரண்டு பேரையும் முடக்கியது உள்ளே போன மாசு. முதுகில் துளை போட்டதால் வந்த வினை அல்ல. ஆனாலும் பிரிட்டனில் பல ஆண்டுகள் மருத்துவர்களே முதுகில் ஊசி போடத் தயங்கினார்கள்.

பயத்துக்கு எண்ணிக்கையால் பதில் சொன்னவர்கள் அமெரிக்க மருத்துவர்கள் டிரிப்ஸும் வாண்டமும். 10,098 முறை முதுகில் மரத்துப்போகும் ஊசி போடப்பட்ட நோயாளிகளை நீண்ட காலம் பின்தொடர்ந்து, பெரிய நரம்புப் பாதிப்பு எதையும் காணவில்லை என்று 1954-இல் எழுதினார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு பிரிட்டனின் மயக்க மருந்து நிபுணர்கள் தேசிய அளவில் ஒரு கணக்கெடுப்பு நடத்தி 2009-இல் வெளியிட்டார்கள். ஓராண்டில் சுமார் 7 லட்சம் பேருக்கு முதுகு வழியாக மரத்துப்போகச் செய்யும் சிகிச்சை நடந்திருந்தது. எல்லாச் சந்தேகங்களையும் ஊசியின் கணக்கிலேயே எழுதினாலும், நிரந்தரப் பாதிப்பு லட்சத்தில் 4 பேர் அளவுக்குத்தான் வந்தது. கால்கள் முடங்கியதும் இறந்ததும் சேர்ந்து லட்சத்தில் 2-க்கும் கீழ். சிசேரியனுக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலிக்கும் இந்த ஊசியைத்தான் குறை சொல்கிறோம். பிரசவ வலிக்கு முதுகு வழியாக மருந்து கொடுக்கப்பட்ட பெண்களையும் கொடுக்கப்படாத பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நீண்டகால முதுகுவலி இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கும். அதற்கு மேல் நீடிக்கும் வலிக்குப் பெரும்பாலும் கர்ப்பகாலமும், குழந்தையைத் தூக்கிக் குனிந்து நிமிரும் வேலையுமே காரணம்.

அடிக்கடி வரும் பாதிப்பு தலைவலி. அதை முதன்முதலில் தன் உடம்பிலேயே கண்டு எழுதியவர் ஜெர்மனியின் கீல் நகரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர். அதே நகரில் 1891-இல் ஹைன்ரிக் குவின்கே இடுப்பில் ஊசி போட்டு நீர் எடுக்கும் முறையை நிலைநாட்டியிருந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, அந்த வழியாகக் கோகைன் செலுத்தி மரத்துப்போகச் செய்ய முடியுமா என்று பியர் தன் மீதே சோதித்துப் பார்க்கச் சொன்னார். சிரிஞ்சு ஊசியில் சரியாகப் பொருந்தாமல் நிறைய நீர் வழிந்துபோனது. அடுத்த ஒன்பது நாள் அவர் எழுந்து நின்றால் தலை கனத்தது, சுற்றியது. படுத்தால் உடனே சரியானது. இன்றைக்கும் இந்தத் தலைவலியை அடையாளம் காண அதே விதிதான். அந்த நீரைச் சூழ்ந்த உறையில் ஊசி துளைத்த ஓட்டை வழியாக நீர் தொடர்ந்து கசிய, நிமிர்ந்து உட்காரும்போது மூளை சற்றே கீழிறங்குகிறது, அதைத் தாங்கும் சவ்வுகளும் இரத்தக் குழாய்களும் இழுபடுகின்றன. இளவயதினருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இது அதிகம் வருகிறது. பெரும்பாலோருக்கு ஓரிரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும்.

இந்தத் தலைவலியைக் குறைக்கும் வழி பல காலமாகவே கையில் இருக்கிறது. பழைய ஊசியின் முனை சரிவாக வெட்டப்பட்டுக் கூராக இருக்கும். அது உறையை அறுத்துக்கொண்டு போகிறது. 1950-களிலேயே வந்த இன்னொரு வகையின் முனை பென்சில் போலக் குவிந்து, துவாரம் பக்கவாட்டில் இருக்கும். அது உறையின் இழைகளை விலக்கிக்கொண்டு போகிறது. 110 ஆய்வுகளையும் 31,000-க்கும் அதிகமான நோயாளிகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018-இல் லான்செட் இதழில் வந்தது. பழைய ஊசியில் நூற்றுக்கு 11 பேருக்குத் தலைவலி. குவிமுனை ஊசியில் 4 பேருக்குச் சற்று மேல். முதல் முயற்சியிலேயே நீர் கிடைக்கும் வாய்ப்பில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. அறுவை அரங்கில் மயக்க மருந்து நிபுணர்கள் எப்போதோ மாறிக்கொண்டார்கள். வார்டில் நீர் எடுப்பவர்களோ பல நாடுகளில் இன்னும் பழைய ஊசியையே கையில் எடுக்கிறார்கள். மறுபக்கம், நாள் முழுக்க அசையாமல் படுக்கவைப்பதால் தலைவலி வராமல் தடுக்கப்படுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிய பிறகும் அந்தப் பழக்கம் தொடர்கிறது. தலைவலி விடாமல் இருந்தால், நோயாளியின் கையிலிருந்தே 20 மில்லி வரை இரத்தம் எடுத்து, ஓட்டைக்கு வெளியே உள்ள இடைவெளியில் செலுத்துகிறார்கள். 1960-இல் ஜேம்ஸ் கோர்ம்லி என்ற மருத்துவர் தொடங்கிவைத்த இந்த முறையில், எழுந்து உட்கார முடியாமல் கிடந்த பலர் சில மணி நேரத்திலேயே எழுந்து நடமாடுகிறார்கள்.

கடுமையான பாதிப்பு இந்தத் தலைவலியின் மறைவில் வரலாம். மூளை கீழிறங்கிக் கிடக்கும் நிலை நீடித்தால், மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையிலான மெல்லிய சிரைகள் கிழிந்து இரத்தம் கட்டலாம். அப்போது தலைவலியின் குணம் மாறும். படுத்தால் விட்டுக்கொண்டிருந்த வலி படுத்தாலும் விடாது. ஒரு பொருள் இரண்டாகத் தெரியும், தூக்கக் கலக்கம் வரும், வாந்தியோ வலிப்போ வரும். இந்த மாற்றத்தைக் கவனிக்கத் தெரிந்தவருக்கு அதே நாளில் ஸ்கேன் எடுக்கப்படும். "ஊசி போட்டா தலைவலி வரத்தான் செய்யும்" என்று சொல்லக் கேட்டு வந்தவர் மாத்திரை விழுங்கிக்கொண்டு காத்திருப்பார். ஒரே பாதிப்பு இருவருக்கும் வெவ்வேறு முடிவைத் தருவது இப்படித்தான்.

தண்டுவடத்தைச் சுற்றி இரத்தம் கட்டுவது இதைவிட அரிது, இதைவிட அவசரம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் தட்டணுக்கள் குறைந்தவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு என்பதால்தான் ஊசிக்கு முன் அவற்றைக் கேட்கிறார்கள். ஆனால் கேட்டு விலக்கினால் மட்டும் போதாது என்பதை டென்மார்க்கின் அனுபவம் காட்டுகிறது. 2008 முதல் 2018 வரை அங்கு நடந்த 83,000-க்கும் மேற்பட்ட பரிசோதனைகளை அலசியபோது, இரத்தம் உறைவதில் கோளாறு இல்லாதவர்களில் 0.20 சதவீதம் பேருக்கும் கோளாறு உள்ளவர்களில் 0.23 சதவீதம் பேருக்கும் அடுத்த 30 நாளுக்குள் இரத்தக்கட்டு பதிவாகியிருந்தது. ஏற்கெனவே கடுமையாக நோயுற்றவர்களிடம் எடுத்த கணக்கு இது. கோளாறு உள்ளவர்களில் ஆபத்து குறைந்தவர்களையே மருத்துவர்கள் தேர்ந்தெடுத்திருக்கவும் கூடும். ஆனாலும் பாடம் தெளிவு: ஊசிக்கு முன் எல்லாம் சரியாக இருந்தவரையும் பின்னால் கவனிக்க வேண்டும். முதுகில் திடீரென்று கடும் வலி, கால்களில் பலவீனம், உட்காரும் இடம் மரத்துப்போதல், சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்ளுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதிசெய்து, ஏறத்தாழ எட்டு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சையால் அழுத்தத்தை நீக்கினால் கால்களைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். விடியட்டும் என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவிப்போகும்.

மூன்றாவது ஆபத்து கிருமி. பேசும்போது வாயிலிருந்து தெறிக்கும் கிருமிகள் ஊசி வழியே உள்ளே போய் மூளைக்காய்ச்சலை உண்டாக்கிய சம்பவங்களுக்குப் பிறகு, முதுகுத் தண்டில் ஊசி போடுபவர் முகக்கவசம் அணிய வேண்டும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2007-இல் வலியுறுத்தியது. வாயையும் மூக்கையும் மூடும் ஒரு துண்டுத் துணியால் தடுக்கப்படும் விஷயம் இது. நான்காவது ஆபத்து மருந்து மாறிப்போவது. 2001-இல் நாட்டிங்காமில், இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டுவந்த 18 வயது இளைஞருக்கு, இரத்தக் குழாயில் மட்டுமே போட வேண்டிய வின்கிரிஸ்டின் மருந்து முதுகில் செலுத்தப்பட்டது. ஒரு மாதத்தில் அவர் இறந்தார். இதே தவறு பல நாடுகளில் மீண்டும் மீண்டும் நடந்ததால், அந்த மருந்தைச் சிரிஞ்சில் தராமல் சிறு பையில் கலந்தே தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் எச்சரித்தது. முதுகு ஊசியோடு மற்றச் சிரிஞ்சுகள் பொருந்தவே முடியாதபடி இணைப்பின் வடிவத்தையே மாற்றும் சர்வதேசத் தரமும் பிறகு வந்தது.

மருத்துவர்கள் அதிகம் அஞ்சுவது ஐந்தாவது ஆபத்தை. மூளையில் கட்டியோ வீக்கமோ இருந்து அழுத்தம் ஏறியிருக்கும்போது கீழே நீரை எடுத்தால், மூளையின் பகுதி இடம்பெயர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனில், எல்லோருக்கும் முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்துவிடுவதுதானே பாதுகாப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கும் விலை உண்டு. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் நியூ ஹேவன் மருத்துவமனையில் மூளைக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்ட 301 பேரை ஆராய்ந்திருந்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்கள், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்கள், அண்மையில் வலிப்பு வந்தவர்கள், நினைவு குழம்பியவர்கள், கை கால் அல்லது பேச்சில் பாதிப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கே ஸ்கேனில் பெரும்பாலும் கோளாறு தெரிந்தது. இந்த அடையாளங்கள் எதுவும் இல்லாத 96 பேரில் 93 பேரின் ஸ்கேன் இயல்பாக இருந்தது. ஸ்கேனுக்குக் காத்திருந்தவர்களுக்குப் பரிசோதனை இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப்போனது. மூளைக்காய்ச்சலில் மருந்து தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் உயிரோடு விளையாடுவது. ஆகவே, தேவையானவர்களுக்கு ஸ்கேன், காத்திருக்க நேர்ந்தால் அதற்கு முன்பே ஆன்டிபயாட்டிக் என்பதே சரியான வழி. பரிசோதனையே வேண்டாம் என்று மறுப்பது இந்தக் கணக்கில் பாதுகாப்பான பக்கம் ஆகாது. மூளைக்காய்ச்சலைத் தந்தது எந்தக் கிருமி என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது. காசநோய் மூளைக்காய்ச்சல் நாள்தோறும் முற்றிக்கொண்டே போகக்கூடியது. ஊசியால் கால் முடங்கும் என்று பயந்து பெற்றோர் பரிசோதனையை மறுத்த குழந்தையை, நோயே முடக்கிவிடும் வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

இவ்வளவையும் சொன்னால் சம்மதிக்க இருந்தவர்களும் ஓடிவிடுவார்களே என்பது மருத்துவர்கள் எழுப்பும் ஆட்சேபம். அது அக்கறையிலிருந்து வருவது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மறைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வரலாற்றில் மோசமான சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ ஊரைச் சுற்றி 1932-இல் தொடங்கிய சிஃபிலிஸ் ஆய்வில், சுமார் 600 ஏழைக் கறுப்பின ஆண்களை அரசு சுகாதாரத் துறை கண்காணித்தது. அவர்களில் நோய் உள்ளவர்களின் முதுகிலிருந்து நீர் எடுக்க வேண்டியிருந்தபோது, இலவசமாகக் கிடைக்கும் சிறப்புச் சிகிச்சை, இதுவே கடைசி வாய்ப்பு என்று கடிதம் எழுதி அழைத்தார்கள். அது சிகிச்சை அல்ல, வெறும் பரிசோதனை. ஊசிக்குப் பிறகு பலர் கடும் தலைவலியில் அவதிப்பட்டார்கள். 1972-இல் உண்மை வெளியானபோது உடைந்த நம்பிக்கையை அந்நாட்டு மருத்துவத் துறை இன்னும் முழுமையாக மீட்கவில்லை. நம் மருத்துவர்கள் அப்படிப்பட்ட வஞ்சகம் எதையும் செய்வதில்லை. ஆனால் "ஒண்ணும் ஆகாது" என்ற ஒற்றை வாக்கியத்தில் எல்லாவற்றையும் அடக்கும்போது, யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று ஆகிவிட்டால், அந்தச் செய்தி ஊர் முழுக்கப் பரவி அடுத்த பத்துக் குடும்பங்களை மறுக்கவைக்கிறது. வதந்திக்கு இடம் கொடுப்பது அந்த மௌனம்தான்.

கூட்டம் நிறைந்த அரசு மருத்துவமனையில் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க நேரம் ஏது என்பது அடுத்த ஆட்சேபம். பணிச்சுமை உண்மை. ஆனால் சொல்ல வேண்டியது அதிகமில்லை. ஊசிக்கு முன்: இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, வலிப்பு வந்ததா, காலில் மின்னல் வெட்டினால் உடனே சொல்லுங்கள். வீட்டுக்குப் போன பிறகு: உட்கார்ந்தால் வந்து படுத்தால் விடும் தலைவலிக்குச் சிகிச்சை இருக்கிறது, வந்து கேளுங்கள், அந்த வலி படுத்தாலும் விடவில்லை, பார்வை இரட்டிக்கிறது, காய்ச்சலோடு கழுத்து விறைக்கிறது, கால் வலுவிழக்கிறது, சிறுநீர் வரவில்லை என்றால் இரவானாலும் அன்றே திரும்பி வாருங்கள். இதை ஒரு பக்கத் தமிழ்த் தாளில் அச்சடித்து டிஸ்சார்ஜ் சீட்டோடு இணைக்கலாம். செவிலியர் ஒருமுறை வாசித்துக் காட்டலாம். குவிமுனை ஊசியின் விலை சற்றுக் கூடுதல்தான். தலைவலியோடு மீண்டும் படுக்கையில் சேரும் நோயாளிக்கு ஆகும் செலவையும், வேலைக்குப் போகாமல் அவர் இழக்கும் கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது மிச்சம். அரசுக் கொள்முதலில் அந்த ஊசியையே வழக்கமாக்கலாம்.

நோயாளிகள் பக்கமும் ஒரு பொறுப்பு உண்டு. "இந்த ஊசி ஏன் தேவை, குவிமுனை ஊசி இருக்கிறதா, போட்ட பிறகு எதற்கெல்லாம் உடனே வர வேண்டும்" என்ற மூன்று கேள்விகளைக் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். அப்படிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. பதில் கிடைத்த பிறகும் தயக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆனால், கேட்காமலே மறுத்துவிட்டு நோயாளியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். லட்சத்தில் சிலருக்கு வரக்கூடிய ஒரு விபத்துக்குப் பயந்து, இன்றைக்கே கண்டுபிடித்தால் குணமாகக்கூடிய நோயை முற்றவிடுவது யாருக்கும் நல்லதல்ல. அந்தச் சிலரில் ஒருவராக நாம் இருக்க நேர்ந்தாலும், அறிகுறியைத் தெரிந்துவைத்து அதே நாளில் மருத்துவமனைக்குத் திரும்பினால் பெரும்பாலான பாதிப்புகளைச் சரிசெய்ய வழி இருக்கிறது.